டெங்கு இறக்கிய கொழுப்பு

கேள்வி:

டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு வயது 61. ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. நெஞ்சு வலி, ஹார்ட் அட்டாக் எதுவும் வந்ததில்லை. போன வருடம் மார்ச்சில் எடுத்த டெஸ்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 232, கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 156 என்று வந்ததால், எங்கள் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதினார். இந்த வருடம் செப்டம்பரில் எல்டிஎல் 92-க்கு இறங்கியிருந்தது. நவம்பரில் டெங்கு வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிளேட்லெட் 38,000 வரை போய், பிறகு ஏறிவிட்டது. டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 112, எல்டிஎல் 44, நல்ல கொழுப்பான எச்டிஎல் 22, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு 231 என்று இருக்கிறது. கல்லீரல் டெஸ்டில் எஸ்ஜிஓடி 212, எஸ்ஜிபிடி 148.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கொலஸ்ட்ரால் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிரஷர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அப்பா, "44-ன்னா எனக்கு இப்ப கொழுப்பே இல்லை, இனி அந்த மாத்திரை எதுக்கு" என்கிறார். பப்பாளி இலைச்சாறுதான் கொழுப்பைக் கரைத்தது என்று சித்தப்பா சொல்கிறார். கொழுப்பு இவ்வளவு குறைந்தால் உடம்பு தாங்காது என்று அவரே தினமும் ஆட்டுக்கால் சூப்பும் நெய்யும் கொடுக்கச் சொல்கிறார். கொலஸ்ட்ரால் குறைந்தால் டெங்கு கடுமை என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வாசகி, தஞ்சாவூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக நிறுத்தியது சரிதான். ஆனால் ஐந்து வாரம் ஓடிவிட்டது. இந்த வாரமே அப்பாவை உங்கள் டாக்டரிடம் அழைத்துப் போய், கல்லீரல் டெஸ்ட் ஒன்று எடுத்து, அது இறங்கியிருந்தால் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். இதுதான் சுருக்கமான பதில். ஆனால் அப்பா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அவரை வெறும் "சாப்பிடுங்கப்பா" என்று சொல்லி மசிய வைக்க முடியாது. அதனால் அந்த 44 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்று ரிப்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மாத்திரை இல்லாதபோது எல்டிஎல் 156. மாத்திரையில் இருந்தபோது 92. டெங்குவின் நடுவில் 44. 156-லிருந்து 92-க்கு இறக்கியது மாத்திரை. அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் ஒருவருக்கு எல்டிஎல்லைச் சுமார் நாற்பது சதவீதம் குறைக்கும். உங்கள் அப்பாவுக்கும் அவ்வளவுதான் குறைந்திருக்கிறது, கணக்கு இடிக்கவில்லை. 92-லிருந்து 44-க்கு இறக்கியது டெங்கு. மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வேலை அன்றே நின்றுவிடாது, சில வாரத்தில் எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். டெங்குவின் வேலையும் அப்படியே, காய்ச்சல் ஓய்ந்த சில வாரத்தில் தீர்ந்துவிடும். அப்பா இன்று ரத்தம் கொடுத்தால் அந்த 44 இருக்காது. மாத்திரையும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால், அது 156-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

காய்ச்சலுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? வைரஸ் உள்ளே வந்ததும் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் எச்சரிக்கைப் புரதங்களைக் கொட்டுகின்றன. அது கல்லீரலுக்குப் போகிற அவசரத் தந்தி மாதிரி. கல்லீரல் உடனே தன் வழக்கமான உற்பத்தியை மாற்றிக்கொள்கிறது. சிஆர்பி என்று டெஸ்டில் பார்க்கிறோமே, அந்தப் புரதத்தை அது அப்போதுதான் ஏராளமாகச் செய்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்டிஎல், எச்டிஎல் துகள்கள் இரண்டும் அந்த நாட்களில் குறைந்துவிடுகின்றன. ஒரு எல்டிஎல் துகள் ரத்தத்தில் இரண்டு மூன்று நாள்தான் சுற்றும், பிறகு கல்லீரல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் உற்பத்தியும் நுகர்வும் கொஞ்சம் மாறினால் போதும், ஒரு வாரத்திலேயே எண் சரிந்துவிடும். மாதக்கணக்கில் பத்தியம் இருந்தும் இறங்காத எண் ஐந்து நாள் காய்ச்சலில் இறங்குவது இதனால்தான்.

டெங்குவில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. முதலாவது, ரத்தக்குழாய்ச் சுவர் கசிவது. காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் டெங்குவின் உண்மையான ஆபத்து. நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீரும் புரதமும் வெளியே கசியும், அவற்றோடு கொழுப்பைச் சுமக்கும் துகள்களும் கொஞ்சம் போகும். அதோடு நாம் குளுக்கோஸ், சலைன் ஏற்றுகிறோம். நோயாளி சரியாகச் சாப்பிடுவதில்லை. இவையெல்லாம் எண்ணைக் கீழே தள்ளும்.

இரண்டாவது காரணம் எனக்கு எப்போதும் வியப்பானது. சேர்த்த அன்று "என்எஸ்1 பாசிடிவ்" என்று ஒரு ரிப்போர்ட் கொடுத்திருப்பார்களே, அந்த என்எஸ்1 டெங்கு வைரஸ், தான் தொற்றிய அணுவிலிருந்து ரத்தத்துக்குள் வெளியேற்றும் ஒரு புரதம். அதன் வடிவத்தை ஆராய்ந்தவர்கள், அது பீப்பாய் மாதிரி ஆறு துண்டுகள் சேர்ந்து, நடுவில் கொழுப்பை அடைத்துக்கொண்டு மிதப்பதை 2011-ல் கண்டறிந்து எழுதினார்கள். ஏறத்தாழ நம் எச்டிஎல் துகளைப் போன்ற ஒன்று. டெங்கு வைரஸுக்கு அணுவுக்குள் நுழையவும், உள்ளே பெருகவும் கொலஸ்ட்ரால் வேண்டும். அப்பாவின் எச்டிஎல் 22-க்கு விழுந்தது தற்செயல் இல்லை. கிருமியும், அதை எதிர்க்கும் உடம்பும் ஒரே சரக்கை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த நாளில் எடுத்த ரத்தம் அது.

சிவப்பு எழுத்தில் இருக்கும் அந்த 22-ஐப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். நல்ல கொழுப்பு இவ்வளவு குறைவா என்று. வேண்டாம். காய்ச்சலில் எச்டிஎல்லின் மேலோட்டிலேயே வேறொரு புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, துகள் சீக்கிரம் சிதைகிறது. உடம்பு தேறும்போது அது திரும்பி வரும். செப்டம்பரில் என்ன இருந்ததோ, அதுதான் அப்பாவின் எச்டிஎல். அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

ட்ரைகிளிசரைடு மட்டும் ஏன் மேலே போனது என்று யோசித்திருப்பீர்கள். மற்ற கொழுப்பெல்லாம் இறங்கும்போது இது ஏறுவதுதான் காய்ச்சலின் அடையாளம். உடம்புக்கு எரிபொருள் வேண்டும். கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலம் வெளியே வருகிறது, கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அதே சமயம் அதை ரத்தத்திலிருந்து வெட்டி எடுக்கும் நொதி மந்தமாகிவிடுகிறது. அனுப்புவது கூடி, எடுப்பது குறைந்தால் தேங்கத்தானே செய்யும்? இதோடு அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. டெங்கு வார்டில் அரை மணிக்கு ஒருமுறை இளநீர், மாதுளைச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர் என்று ஊற்றிக்கொண்டேதான் இருப்போம். அந்த ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததாக இருக்கவே முடியாது. அதனால் 231 என்பதற்காக இப்போது தனி மாத்திரை எதுவும் வேண்டாம். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையை யாராவது எழுதினால், திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஒரு நுணுக்கம். நம் ஊர் லேப்கள் பலவற்றில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 1972-லிருந்து உலகமெங்கும் புழங்கும் சூத்திரம் இது. அப்பாவின் ரிப்போர்ட்டிலேயே போட்டுப் பாருங்கள்: 231-ஐ ஐந்தால் வகுத்தால் 46. 112-லிருந்து 22-ம் 46-ம் போனால் 44. எனவே அதுவும் கணக்குப் போட்டு வந்த எண்தான். இந்தச் சூத்திரம் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் செல்லாது. அதற்குக் கீழேயும், ட்ரைகிளிசரைடு கூடி எல்டிஎல் 70-க்குக் கீழே வரும்போது, உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ஆக அந்த 44-க்குள் காய்ச்சல் பாதி, கணக்குப் பிசகு கொஞ்சம்.

அடுத்து, கொலஸ்ட்ரால் குறைந்தால் டெங்கு கடுமை என்று நீங்கள் படித்தது. அதில் உண்மை இருக்கிறது. இந்தோனேசியக் குழந்தைகளிடம் செய்து 2002-ல் வெளிவந்த ஆய்வில், டெங்கு கடுமையான குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ரால் இன்னும் அதிகமாக விழுந்திருந்தது. பிறகும் வேறு இடங்களில் இதையே பார்த்திருக்கிறார்கள். கசிவு எவ்வளவு அதிகமோ, வீக்கம் எவ்வளவு கடுமையோ, அவ்வளவு வீழ்ச்சி. ஆனால் கொலஸ்ட்ரால் குறைந்ததால் டெங்கு கடுமையாவதில்லை. பெரும்பாலும் கடுமையானதால்தான் அது குறைகிறது என்றே தெரிகிறது. வார்டில் நாங்கள் அதைப் பார்த்து சிகிச்சை செய்வதும் இல்லை. ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் பிசிவி ஏறுகிறதா, நாடியும் பிரஷரும் எப்படி, மூத்திரம் போகிறதா, வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கிறதா, இவைதான் எங்களுக்குக் கண். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆயிற்று. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

காய்ச்சலின்போது ட்ரைகிளிசரைடு பார்ப்பது பயன்படும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவோ வேறு வைரஸோ வந்த பிறகு காய்ச்சல் பத்து நாளைத் தாண்டியும் விடாமல், மண்ணீரல் வீங்கி, ரத்த அணுக்கள் மூன்று வகையும் சரிந்துகொண்டே போனால், எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் போய்ச் சொந்த அணுக்களையே தின்னும் ஒரு நிலையைச் சந்தேகிப்போம். அப்போது ஃபெரிடின் என்ற இரும்புச்சத்துப் புரதத்தோடு ட்ரைகிளிசரைடும் பார்ப்போம். 265-க்கு மேல் இருந்தால் அது ஒரு சான்று. அங்கே டாக்டர் வேண்டுமென்றே கேட்டு எடுக்கிறார், இதயத்துக்காக இல்லை. அப்பாவுக்கு எடுத்தது அப்படி எடுத்ததாகத் தெரியவில்லை. "காய்ச்சல் பேக்கேஜ்", "டிஸ்சார்ஜ் பேக்கேஜ்" என்று அறுபது டெஸ்ட் ஒன்றாகப் போகிறதே, அதில் லிப்பிட் என்ற கொழுப்பு டெஸ்டும் சேர்ந்து வந்திருக்கும். தேவையில்லாத நேரத்தில் எடுத்த டெஸ்ட் பணத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை. இதோ, ஐந்து வாரமாக ஒரு மனிதரின் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறது. இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

சித்தப்பாவின் பப்பாளி இலைச்சாறு பற்றி: அது கொழுப்பைக் கரைக்கவில்லை. அப்பாவின் அடுத்த கட்டிலில் சாறே குடிக்காமல் கிடந்தவருக்கும் கொலஸ்ட்ரால் இறங்கித்தான் இருந்திருக்கும். பிளேட்லெட்டும் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாளில் தானாக ஏறத் தொடங்கும், அது டெங்குவின் போக்கு. அவர் அன்போடு அரைத்துக் கொடுத்திருக்கிறார், அந்த அன்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இனிமேல் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

டெங்கு வைரஸுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும் என்றால், கொலஸ்ட்ரால் மாத்திரையே டெங்குவுக்கு மருந்தாகுமா என்று சிலர் யோசித்தார்கள். வியட்நாமின் ஹோசிமின் நகரில் டெங்கு வந்த 300 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லோவாஸ்டாட்டின் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. வைரஸும் சீக்கிரம் குறையவில்லை, நோயும் சீக்கிரம் தேறவில்லை. ஆனால் மாத்திரையால் கெடுதலும் நேரவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அட்டோர்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை டெங்கு நோயாளிக்கு விஷம் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

பிறகு ஏன் ஆஸ்பத்திரியில் நிறுத்தினார்கள்? எஸ்ஜிஓடி 212, எஸ்ஜிபிடி 148 என்று இருக்கிறதே, அதனால்தான். டெங்கு கல்லீரலையும் தொடும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட அதிகமாக ஏறுவது அதன் வழக்கம். இவை மேல் வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டும்போது ஸ்டாட்டினைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது எல்லோரும் செய்வது. நானும் செய்திருப்பேன். குறை அதில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மாத்திரைக்கு எதிரே "ஹோல்ட்" என்று மட்டும் எழுதி, எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறி மெஷின் காட்டிக் கொடுத்துவிடும், வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை நின்றால் உடம்பில் ஒன்றும் தெரியாது. அதனால் இது மட்டும் இப்படித் தொலைந்துபோகிறது. மழைக்காலம் முடிந்து தை மாதம் வரும்போது, இப்படி மாத்திரை தொலைந்த நோயாளிகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இனி அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். "கொழுப்பு குறைவாக இருந்தால் மாத்திரை எதற்கு?" நியாயமான கேள்வி. அப்பாவுக்கு அந்த மாத்திரை வெறும் 156 என்ற எண்ணுக்காகக் கொடுத்ததில்லை. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதற்காகவே, எல்டிஎல் ரொம்பக் கூடுதலாக இல்லாவிட்டாலும், ஸ்டாட்டின் கொடுக்கச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். அவருக்கு வயது 61, சர்க்கரை, பிரஷர் மூன்றும் இருக்கின்றன. டெங்கு வந்து போனதால் இவற்றில் எது மாறியது? வயது மாறவில்லை, சர்க்கரை போகவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கடுமையான தொற்றுக்குப் பிறகு வரும் நாட்கள் இதயத்துக்குச் சாதாரண நாட்கள் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்ஃப்ளூயென்சா காய்ச்சல் லேபில் உறுதியானவர்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாளில் ஹார்ட் அட்டாக் வருவது அவர்களுக்கே மற்ற நாட்களில் வருவதைப்போல ஆறு மடங்கு இருந்தது. அந்த ஏழு நாளில் அவர்களுக்கு லிப்பிட் டெஸ்ட் எடுத்திருந்தால் எல்டிஎல் என்ன காட்டியிருக்கும்? குறைவாகத்தான் காட்டியிருக்கும். காய்ச்சலில் எண் இறங்குவதும், இதயத்துக்கு ஆபத்து இறங்குவதும் ஒன்றில்லை. பத்து வருடமாகக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு ஒரு வாரக் காய்ச்சலில் கரைந்து போவதில்லை. அந்தச் சுவர் வீக்கத்தில் இன்னும் எளிதாக வெடிக்கும் நிலையில்தான் இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த வாரம் கல்லீரல் டெஸ்ட். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பெரும்பாலும் இப்போது இறங்கியிருக்கும். மூன்று மடங்குக்குக் கீழே வந்திருந்தால் உங்கள் டாக்டர் அதே 20 மில்லிகிராமைத் தொடங்கச் சொல்வார். முழுவதும் நார்மல் ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்கு இன்னும் தொடை, கெண்டைக்கால் தசை வலி இருக்கிறதா என்று கேளுங்கள். டெங்கு போன பிறகும் பலருக்கு உடம்பு வலியும் அசதியும் சில வாரம் நீடிக்கும். வலியோடு மாத்திரையைத் தொடங்கினால், பழைய வலிக்கும் பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு அதை நிரந்தரமாக நிறுத்திவிடுவார். வலி இருந்தால் சிபிகே என்ற தசை டெஸ்டையும் சேர்த்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு மூத்திரம் டீத்தூள் தண்ணீர் நிறத்தில் போனாலோ, மாடிப்படி ஏற முடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். இது அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

லிப்பிட் டெஸ்டை இப்போது எடுக்காதீர்கள். காய்ச்சல் தீர்ந்து குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம் போக வேண்டும், இழந்த எடை திரும்பியிருக்க வேண்டும். மாத்திரையைத் தொடங்கியும் ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண் மாத்திரையில் இருக்கும் அப்பாவையும் காட்டாது, இல்லாத அப்பாவையும் காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி கடைசி வாரம் சரியாக இருக்கும். இடையில் சளிக் காய்ச்சல் எதுவும் வந்தால் இன்னும் தள்ளிப்போடுங்கள். ட்ரைகிளிசரைடு ஒருமுறை கூடுதலாக வந்துவிட்டதால் இந்தத் தடவை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில், காலையில், முடிந்தால் செப்டம்பரில் எடுத்த அதே லேபிலேயே எடுங்கள். அன்று எல்டிஎல் 70-க்கு மேலே நின்றால் டாக்டரோடு டோஸ் பற்றிப் பேசலாம். இவ்வளவு ஆபத்துக் காரணிகள் உள்ள சர்க்கரை நோயாளிக்கு 92-ஐ நான் போதும் என்று விடமாட்டேன். அது பிப்ரவரிப் பேச்சு.

ஆட்டுக்கால் சூப்புக்கு வருவோம். காய்ச்சலில் விழுந்த கொழுப்பைச் சாப்பாட்டால் ஏற்ற வேண்டியதில்லை. அதை ஏற்றுவது கல்லீரலின் வேலை, தேறினால் அதுவாகச் செய்துகொள்ளும். எல்டிஎல் சில வாரம் 44-ல் இருப்பதால் உடம்புக்கு எந்தக் குறையும் வராது. மாத்திரையாலேயே அதற்கும் கீழே கொண்டுபோய்ப் பல ஆண்டு வைத்திருக்கும் இதய நோயாளிகள் நம் நடுவில் நன்றாகவே இருக்கிறார்கள். டெங்குவில் அப்பா நிஜமாக இழந்தது தசை. அதற்குப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர். சூப் வாரத்துக்கு ஒருநாள் ஆசைக்குக் குடிக்கட்டும், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு. தினமும் நெய் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பழகிய ஜூஸையும் குளுக்கோஸ் தண்ணீரையும் இன்னும் தொடர்ந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அவர் சர்க்கரைக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் சூப்பைவிட அதுதான் பகை.

டெங்குவில் மட்டும் இப்படி நடப்பதில்லை. கோவிட் முதல் அலையிலேயே, நோய் கடுமையானவர்களுக்கு எல்டிஎல்லும் எச்டிஎல்லும் விழுவதைப் பார்த்தோம். நாள்பட்ட வைரஸ்களில் கதை கொஞ்சம் வேறு. ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரலின் கொழுப்புத் துகளோடு ஒட்டிக்கொண்டே ரத்தத்தில் திரியும், அது இருக்கும்வரை எல்டிஎல் குறைவாகக் காட்டும். புது மாத்திரைகளால் வைரஸ் ஒழிந்ததும் எல்டிஎல் ஏறும். மருந்தால் கொழுப்பு வந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். குணமானதால் உண்மை எண் வெளியே வந்திருக்கிறது. எச்ஐவியிலும் சிகிச்சைக்கு முன் எல்டிஎல்லும் எச்டிஎல்லும் குறைந்து கிடக்கும், சிகிச்சை தொடங்கி உடம்பு தேறும்போது எல்டிஎல் ஏறும். சில மருந்துகளும் அதில் பங்கு கொள்ளும். எச்ஐவி உள்ளவர்களுக்கு, எல்டிஎல் பெரிதாகக் கூடாதபோதும் பிடவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைக் கொடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைகின்றன என்று, இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. இந்த நோயாளிகள் ஒன்றை மறக்கக் கூடாது. ரிடோனாவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டின் ஆகவே ஆகாது, அட்டோர்வாஸ்டாட்டினையும் டோஸ் குறைத்தே கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை அது.

என் அனுபவம் ஒன்று. 2006-ல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவியபோது, மூட்டெல்லாம் வீங்கிக் கைத்தாங்கலாக வந்த ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 58 என்று இருந்தது. நல்லா குறைஞ்சிருக்கே என்று சொல்லி, அவர் பல வருடமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை நானே அடித்துவிட்டேன். நாலு மாதம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக டெஸ்ட் எடுத்தார், 171. அவருக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கேட்காது. அன்றிலிருந்து, காய்ச்சலில் இருப்பவரின் லிப்பிட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தால், எண்ணைப் படிக்கும் முன் அதன் தலையில் சிவப்பு மையால் "காய்ச்சலில் எடுத்தது" என்று எழுதிவிடுகிறேன்.

நீங்களும் அப்பாவின் அந்த ரிப்போர்ட்டில் "டெங்கு, ஆஸ்பத்திரியில் இருந்தபோது" என்று எழுதி ஃபைலில் வையுங்கள், கிழித்துப் போட வேண்டாம். நாளைக்கு வேறொரு டாக்டர் அந்த ஃபைலைப் புரட்டும்போது 44-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது. மாத்திரை எந்தத் தேதியில் நின்றது, எந்தத் தேதியில் தொடங்கியது என்று அதே தாளின் பின்பக்கம் குறியுங்கள். பிப்ரவரி ரிப்போர்ட் வந்ததும், செப்டம்பர் ரிப்போர்ட்டோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அப்பா ஒப்புக்கொண்டாரா என்பதையும் எழுதுங்கள்.